பக்கத்து வீட்டு டிவியும் 100 வாட் ரேடியோவும்: ஒரு குறுக்கீட்டுப் புகாரின் ஆய்வு

புகார் இதுதான். மாலை நேரத்தில் டிவி படம் கட்டம் கட்டமாக உடைகிறது. சில சமயம் அப்படியே உறைந்து நிற்கிறது. போதாக்குறைக்கு, டிவிக்குக் கீழே வைத்திருக்கும் சவுண்ட்பாரிலிருந்து வாத்து கத்துவது போல ஒரு குரல் வருகிறது, டிவியை அணைத்த பிறகும்கூட. புகார் சொன்னவர் அடுத்த வீட்டுப் பெரியவர். யார் காரணம் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

“தம்பி, நீங்க மைக்கைக் கையில எடுத்தாலே எங்க வீட்டுல செய்தி நின்னுடுது.”

தம்பி உரிமம் பெற்ற ஹாம் ரேடியோ இயக்குநர், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுபவர். அவரிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, 100 வாட் தரும் குறும்பட்டை (30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும்) செட். அதன் ஆன்டெனா ஒரு முனையில் மட்டும் இணைப்புக் கொடுத்த நீளக் கம்பி. ஜன்னலோரம் தொடங்கி, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரை ஒட்டியபடியே பின்பக்கக் கம்பம் வரை போகிறது. இன்னொன்று, 145 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் தரும் மலிவான கைக்கருவி; அதைக் கூரைமேல் நிற்கும் செங்குத்து ஆன்டெனாவில் இணைத்திருந்தார். பெரியவர் வீட்டில் கூரை ஆன்டெனா, அதன் அடியில் சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டர், அங்கிருந்து சுமார் 10 மீட்டர் கோஆக்சியல் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை உள்ளது), பிறகு டிவி. அந்த டிவி ஆன்டெனாவுக்கும் நீளக் கம்பிக்கும் இடையே மிஞ்சிப் போனால் 10 மீட்டர்தான் இருக்கும்.

என்னை உதவிக்குக் கூப்பிடுவதற்கு முன்பே தம்பி நல்ல லோ பாஸ் ஃபில்டர் (ஓர் அளவுக்கு மேற்பட்ட அதிர்வெண்களைத் தடுப்பது) ஒன்றை வாங்கி, 100 வாட் செட்டின் பின்னால் மாட்டியிருந்தார். மாட்டிய பிறகும் நிலைமை இம்மியளவும் மாறவில்லை. அதனால் பெரியவர் வீட்டு டிவியில்தான் கோளாறு என்று முடிவு கட்டியிருந்தார். பேச்சு தடிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது.

ஃபில்டர் ஏன் பலிக்கவில்லை

அனலாக் ஒளிபரப்புக் காலத்தில் இந்த ஃபில்டர்தான் முதல் மருந்து. அதற்குக் காரணமும் இருந்தது. அப்போது பல நாடுகளில் டிவியின் கீழ்ப்பட்டை 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தது. ரேடியோ அனுப்பும் அலையோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களில் வேண்டாத அலைகளும் கிளம்பும்; அவைதான் ஹார்மோனிக்குகள். 28 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அதன் இரண்டாவது ஹார்மோனிக் 56இல் விழும். 21இன் மூன்றாவது 63இல் விழும், 14இன் நான்காவது மறுபடியும் 56இல். எதை எடுத்தாலும் ஏதோ ஒரு சேனலின் நடுவில் போய் உட்காரும். திரையில் குறுக்கு நெடுக்காகக் கோடுகள் ஓடும். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டால் தலைவலி தீர்ந்தது.

இன்று இந்த வீடுகளில் வரும் டிஜிட்டல் ஒளிபரப்பு 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. 14 மெகாஹெர்ட்ஸிலிருந்து அங்கே எட்ட 34ஆவது ஹார்மோனிக் வேண்டும். ஒழுங்கான செட்டிலிருந்து அந்த உயரத்தில் பொருட்படுத்தும்படி எதுவும் வெளிவராது. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், சக்தியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர்களைப் போதுமான அளவு நடுவில் போட்டு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வருகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தோம். ஃபில்டர் இல்லாத நிலையிலும் ஹார்மோனிக்குகள் முதன்மை அலையை விட 50 டெசிபெலுக்கும் கீழேதான் இருந்தன (ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் சக்தி பத்தில் ஒன்றாகும்). 100 வாட்டில் 50 டெசிபெல் கழிந்தால் மிச்சம் 1 மில்லிவாட். அமெரிக்க விதி 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் ஹாம் செட்டுகளிடம் கேட்பதே 43 டெசிபெல்தான், அதாவது 5 மில்லிவாட். ஆக, 100 வாட் செட் மேல் குற்றம் இல்லை.

இந்தத் துறையில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். குறுக்கீடு இரண்டு வகை. வெளியே விடக்கூடாததை ரேடியோ விடுவது ஒன்று. அதை ரேடியோவின் பக்கம்தான் அடைக்க முடியும். உள்ளே எடுக்கக்கூடாததை டிவி எடுத்துக்கொள்வது மற்றொன்று. அதற்கு ரேடியோவின் பின்னால் எத்தனை ஃபில்டர் மாட்டினாலும் பயன் இல்லை, ஏனென்றால் டிவியைப் படுத்துவது ரேடியோ முறையாக அனுப்புகிற அலையேதான். எது எந்த வகை என்று தெரிவதற்கு முன்னால் பொருள் வாங்குவது காசைக் கரைக்கும் வேலை.

ஆளுக்கொரு நோட்டு

அளவுக் கருவிகளை விட அதிகம் சொன்னது ஒரு ஜோடி நோட்டுப் புத்தகம்தான். தம்பி ஒவ்வொரு முறை ஒலிபரப்பும்போதும் நேரம், அதிர்வெண், சக்தி மூன்றையும் எழுத வேண்டும். பெரியவர் எந்த நேரத்தில் எந்தச் சேனலில் என்ன ஆனது என்று எழுத வேண்டும். ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக்கூடாது. இதில் பெரியவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தம்பி வீட்டில் இல்லாத நேரத்தில் வந்த கோளாறுகளையும் நேர்மையாகக் குறித்து வைத்திருந்தார். அவை ஒளிபரப்புப் பக்கத்துக் கோளாறுகள், ரேடியோவுக்குச் சம்பந்தமே இல்லை.

இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒரே புகாராகத் தெரிந்தது மூன்றாகப் பிரிந்தது.

14, 21 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் விட்டால் எல்லாச் சேனல்களும் உடைகின்றன. 7 மெகாஹெர்ட்ஸில் படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் சவுண்ட்பார் பேசுகிறது. 145 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவியை அழுத்தினால் குறிப்பிட்ட சில சேனல்கள் மட்டும் கறுத்துப்போகின்றன, மற்றவை ஓடிக்கொண்டே இருக்கின்றன.

கடைசி வரிதான் பெரிய துப்பு. டிஜிட்டல் ஒளிபரப்பில் பல சேனல்கள் ஒரே அதிர்வெண்ணில் கட்டாகச் சேர்ந்து வரும். எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போனால் டிவியோ பூஸ்டரோ பெரிய அலையில் திணறுகிறது என்று பொருள். ஒரு கட்டு மட்டும் போனால் சரியாக அந்த அதிர்வெண்ணில் ஏதோ வந்து விழுகிறது. டிவியின் தகவல் திரையில் அந்தக் கட்டின் எண் 34. பட்டையை 8 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளாகப் பிரிக்கும் முறையில் அது 574 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரை. 145ஐ நான்கால் பெருக்கினால் 580.

கைக்கருவியின் நான்காவது ஹார்மோனிக்

அனலைசரில் கைக்கருவியை வைத்தபோது சந்தேகம் உறுதியானது. நான்காவது ஹார்மோனிக் 40 டெசிபெல் அளவுக்குத்தான் அடங்கியிருந்தது. 5 வாட்டில் 40 டெசிபெல் கழித்தால் அரை மில்லிவாட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கூரை ஆன்டெனா வழியாக 15 மீட்டர் தூரத்தில் அது மீட்டருக்கு 8 மில்லிவோல்ட் வரை தரலாம். தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் டிவி அலை மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். 5 வாட் பொடிப்பயல் செய்த வேலைக்கு 100 வாட் பெரியண்ணன் பழி சுமந்துகொண்டிருந்தான்.

இதற்கு 145க்கு உரிய லோ பாஸ் ஃபில்டர் போடுவதே முறை. தம்பி வாங்கிய 30 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டரை இங்கே மாட்டினால் 145ஏ வெளியே போகாது. புது ஃபில்டர் வரும்வரை ஒரு கேபிள் துண்டை வைத்துச் சமாளித்தோம், அது எனக்குப் பிடித்த வைத்தியம். 145 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 51.7 சென்டிமீட்டர். திடமான பாலிஎத்திலீன் உள்ள கோஆக்சியல் கேபிளில் அலை 0.66 மடங்கு வேகத்தில்தான் ஓடும், ஆகவே வெட்ட வேண்டிய நீளம் சுமார் 34 சென்டிமீட்டர். ஒரு முனையில் நடுக்கம்பியையும் வலையையும் சேர்த்துப் பற்றவைத்து, மறுமுனையை டி இணைப்பான் வழியாக ரேடியோ வாயிலில் மாட்ட வேண்டும். 145இல் இந்தத் துண்டு இருப்பதே தெரியாது. 290இல் அதுவே அரை அலைநீளம், 580இல் முழு அலைநீளம். இரண்டு இடத்திலும் அலைக்கு நேரடி ஷார்ட். மூன்றாவது ஹார்மோனிக்கான 435ஐ அது தொடாது, ஆனால் அங்கே இந்தப் பெரியவருக்கு எந்தச் சேனலும் இல்லை. ஓரிரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, அனலைசரைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக நறுக்க வேண்டும். குட்டையாகிவிட்டால் புதுத் துண்டுதான். மாட்டிய பிறகு 34ஆம் கட்டு அசையவில்லை.

எல்லாச் சேனலும் உடைவது எதனால்

14 மெகாஹெர்ட்ஸ் விவகாரம் இவ்வளவு சுளுவாக முடியவில்லை. முதலில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, சக்தியை அலையாக விடாமல் வெப்பமாக்கும் டம்மி லோடில் 100 வாட் விட்டோம். டிவி சுத்தமாக ஓடியது. ஆக, செட்டின் பெட்டியிலிருந்தோ மின்கம்பி வழியாகவோ எதுவும் கசியவில்லை; போவது ஆன்டெனா, அதன் கேபிள் வழியாகத்தான்.

அடுத்து டிவிக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று பார்க்க வேண்டும். அனலாக் நாளில் ஆன்டெனா பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தால் போதும். டிஜிட்டலில் பிடுங்கினால் படமே இருக்காது, எதைப் பார்ப்பது? ஆன்டெனா கேபிளைக் கழற்றி, பென் டிரைவிலிருந்து ஒரு வீடியோவை ஓடவிட்டு, அப்போது 14 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் விட்டோம். வீடியோ ஆடவில்லை. வெறும் கேபிளை மறுபடி செருகியும் பார்த்தோம், அப்போதும் ஆடவில்லை. அப்படியானால் மின்கம்பி, எச்டிஎம்ஐ கம்பி எல்லாம் நிரபராதி. நுழைவாயில் ட்யூனரும் அதற்கு முன்னாலுள்ள பூஸ்டரும்தான்.

பெரியவரின் 10 மீட்டர் கேபிளை நினைத்துப் பாருங்கள். 14 மெகாஹெர்ட்ஸின் அரை அலைநீளமும் ஏறக்குறைய 10 மீட்டர்தான். கேபிளின் வெளிவலை தன்னளவில் ஒரு நல்ல 14 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவாக நின்றுகொண்டிருந்தது. அதில் ஓடும் மின்னோட்டம் வலையின் வெளிப்பரப்பில் ஓடுகிறது. டிவி சிக்னலோ உள்ளே ஓடுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ஹை பாஸ் ஃபில்டர் (கீழ் அதிர்வெண்களைத் தடுத்து மேலுள்ளதை விடுவது) நடுக்கம்பியில் வருவதை மட்டும்தான் தடுக்கும். வெளிவலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நேராகப் போய்விடும், அதன்மேல் வருகிற அலையும் கூடவே போய்விடும். “ஃபில்டர் போட்டேன், ஒண்ணும் நடக்கலை” என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்காவது இதுதான் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

வெளிப்பரப்பு மின்னோட்டத்துக்கு மருந்து ஃபெரைட் வளையம். வெளிவிட்டம் 6 சென்டிமீட்டர் உள்ள 31 வகை (குறும்பட்டைக்கு ஏற்ற ஃபெரைட் கலவை) வளையத்தில் மெல்லிய 75 ஓம் கேபிளை 12 சுற்றுச் சுற்றி, இரு முனையிலும் இணைப்பான் போட்டு, டிவியின் பின்னால் ஒன்று, பூஸ்டருக்கு அருகில் ஒன்று என்று வைத்தோம். கூரையிலிருந்து வரும் தடித்த கேபிளையே வளைத்துச் சுற்றப் பார்த்தால் உள்ளே நடுக்கம்பி நகர்ந்து கேபிள் கெட்டுவிடும். மறந்துவிடக் கூடாத இன்னொரு விஷயம், தடை சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் கூடும். கம்பியை ஒரு தடவை நுழைப்பதை விட 12 சுற்றுக்கு 144 மடங்கு. மேஜைக் கம்பிகளில் கிளிப் போல மாட்டும் சின்ன ஃபெரைட் மணி ஒன்றை மட்டும் குறும்பட்டையில் மாட்டுவது கண்துடைப்பு.

40 வாட் வரை படம் உறுதியாக நின்றது. 100 வாட்டில் இன்னும் அங்கங்கே உடைந்தது. மிச்சமிருந்தது பூஸ்டர்.

அடுத்தவர் வீட்டுப் பொருளை நாம் திறப்பதில்லை. இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு அந்த டிவியில் என்ன கெட்டாலும் திறந்தவர் தலையில்தான் விழும். பெரியவரின் டிவி மெக்கானிக் ஏறிப் பார்த்தார். பூஸ்டர் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கேபிள்களைத் திருகு இணைப்பான் இல்லாமல், நடுக்கம்பியை ஒரு திருகாணிக்கு அடியிலும் வலையை ஒரு தகட்டுக்கு அடியிலும் அழுத்தி வைத்திருந்தார்கள். தகட்டின் திருகு துருப்பிடித்து, வலை பச்சை பாரித்துப் பாதி இழைகள் உதிர்ந்திருந்தன. வெளியே ஓட வேண்டிய மின்னோட்டம் உள்ளே புகுவதற்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. போதாததற்கு அந்த பூஸ்டர் 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே எல்லாவற்றையும் பெருக்கும் அகலப்பட்டை வகை. பக்கத்திலிருந்து பலமான அலை வந்தால் அதன் டிரான்சிஸ்டர் திணறி, கூடவே வரும் டிவி சிக்னல் முழுவதையும் கெடுத்துவிடும்.

“அதை எடுத்தா படமே வராது தம்பி, பத்து வருஷமா அதுதான் இழுத்துத் தருது” என்று பெரியவர் விடவில்லை. சும்மா ஒரு மாலை மட்டும் நேரடியாக இணைத்துப் பார்க்கலாம் என்றதற்கு அரை மனதோடு தலையாட்டினார். பூஸ்டரைத் தாண்டி நேராக இணைத்ததும் டிவியின் சிக்னல் திரையில் தரம் ஏறியது. 14 மெகாஹெர்ட்ஸில் 100 வாட்டிலும் படம் அசையவில்லை. அன்றோடு அந்த பூஸ்டர் அலமாரிக்குப் போனது.

பூஸ்டர் இல்லாமல் முடியாத வீடுகளும் உண்டு. அங்கே ஹை பாஸ் ஃபில்டரை ஆன்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் வைக்க வேண்டும். டிவியின் பின்னால் வைப்பதில் பயனில்லை, சிக்னல் அதற்கு முன்பே கெட்டிருக்கும். பூஸ்டருக்கும் அதன் மின்சாரத்தை ஊட்டும் பெட்டிக்கும் நடுவில் வைத்தால் இன்னும் மோசம். கேபிள் வழியாக ஏறும் டிசி மின்சாரத்தை ஃபில்டர் தடுத்துவிடும், பூஸ்டர் உயிரே பெறாது. கேபிள் டிவி இணைப்பு என்றால் கதை வேறு: முதலில் ஒவ்வொரு இணைப்பானையும் இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் தளர்ந்த ஒன்று அகப்படும்.

தம்பியின் ஆன்டெனா

பெரியவர் வீட்டுக் கதை ஒருபுறம் இருக்க, தம்பியின் வீட்டிலும் அறிகுறிகள் இருந்தன. ஒலிபரப்பும்போது உலோக மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று ஒரு சூடு. கணினியின் யுஎஸ்பி இணைப்பு அவ்வப்போது அறுந்துபோகும். முனையில் இணைப்புக் கொடுத்த கம்பிக்கு, மின்னோட்டத்தை ஈடுகட்ட எதிர்ப்புறம் ஏதாவது ஒரு கம்பி வேண்டும். அது இல்லாவிட்டால் கோஆக்சியல் கேபிளின் வெளிவலையையே அது பயன்படுத்திக்கொள்ளும். நடுச்சுவர் ஓரமாக ஓடிய அந்த கேபிளே ஒரு ஆன்டெனாவாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

இந்த வகை ஆன்டெனாவுக்கு சோக் (ஃபெரைட் வளையத்தில் சுற்றிய கேபிள்) போடும்போது, கம்பியும் கேபிளும் சேரும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை ஒட்டிப் போடக்கூடாது. கொஞ்சம் கேபிளை எதிர்ப்புறமாக விட்டுவிட்டு, கீழ்ப்பட்டையின் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு தள்ளிப் போடுவது வழக்கம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது 2 மீட்டர் சொச்சம். அப்படிப் போட்டதும் மைக் சூடு உடனே போய்விட்டது. இருந்தாலும் பின்னர் தம்பி அந்தக் கம்பியையே இறக்கிவிட்டு, நடுவில் இணைப்புக் கொடுக்கும் இரு கை ஆன்டெனாவான டைபோலை வீட்டின் மறுபக்கத்தில் கட்டினார், இணைப்புப் புள்ளியில் சோக்குடன். என்னைக் கேட்டால் முதலில் செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

ஏன் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்லும். சக்தியை வாட்டில் எடுத்து, 30ஆலும் ஆன்டெனா ஆதாயத்தாலும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் அலையின் பலம் மீட்டருக்கு எத்தனை வோல்ட் என்று கிடைக்கும். 100 வாட், டைபோலின் ஆதாயம் 1.64, தூரம் 10 மீட்டர் என்றால் 7 வோல்ட். 20 மீட்டருக்குத் தள்ளினால் மூன்றரை. டிவி, ஆடியோ, கணினி போன்ற மல்டிமீடியா கருவிகள் எவ்வளவு தாங்க வேண்டும் என்று சொல்லும் சிஸ்பர் 35 என்ற சர்வதேசத் தரநிலை, 80 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மீட்டருக்கு 3 வோல்ட் அலையில் வைத்துச் சோதிக்கிறது. அதற்குக் கீழே கருவியின் கம்பிகளில் நேரடியாக அலையைச் செலுத்திப் பார்க்கிறது. குறும்பட்டை அலை கம்பிகள் வழியாகத்தான் உள்ளே வரும் என்பதைத் தரநிலை எழுதியவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

அந்த 3 வோல்ட்டையே குறும்பட்டைக்கும் தோராய அளவுகோலாகக் கொண்டால், 10 மீட்டரில் இருந்த டிவி அதற்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தது. தம்பியின் 100 வாட் செட்டும் விதிக்குள்தான். சண்டை போட்டிருந்தால் இருவருமே தம் பக்கம் நியாயம் என்று நிரூபித்திருக்கலாம், படம் மட்டும் உடைந்துகொண்டே இருந்திருக்கும்.

பேசும் சவுண்ட்பார்

இது மூன்றிலும் எளியது. டிவி அணைந்திருக்கும்போதும் குரல் வருகிறது, ஒலியளவைக் குறைத்தாலும் குரல் குறைவதில்லை. ஒலியளவுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகுள்ள ஆடியோ பெருக்கியின் ஏதோ ஒரு சந்தி, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு போல நடந்துகொண்டு, அலையைக் குரலாக்குகிறது. தம்பி குறும்பட்டையில் பேசும் எஸ்எஸ்பி முறையில், குரலைச் சுமக்கும் கேரியர் அலை அனுப்பப்படுவதில்லை. அதனால்தான் குரல் வருகிறது, வார்த்தை புரிவதில்லை. எஃப்எம் கைக்கருவியாக இருந்தால் பொத்தானை அழுத்தும்போது ஒரு டிக் சத்தத்தோடு முடிந்திருக்கும்.

கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். டிவிக்குப் போகும் ஆடியோ கம்பியைக் கழற்றினாலும் குரல் வந்தது. சப்வூஃபருக்குப் போகும் நீளக் கம்பியைக் கழற்றியதும் நின்றது. அதை 31 வகை வளையம் ஒன்றில் 12 சுற்றுச் சுற்றினோம். 7 மெகாஹெர்ட்ஸில் அது சில ஆயிரம் ஓம் தடை. வாத்து அடங்கியது. இந்த வேலையில் யாராவது மின் பிளக்கின் எர்த் முனையைத் துண்டிக்கச் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். எர்த் உயிரைக் காப்பதற்கு.

இப்போதைய நிலை

14 மெகாஹெர்ட்ஸில் 100 வாட்டில் புகார் இல்லை. 7இல் இல்லை. 145இல், முறையான ஃபில்டர் வந்த பிறகு, இல்லை. 21 மெகாஹெர்ட்ஸில் 100 வாட்டில் அரிதாக ஒரு முறை படம் துடிக்கிறது. வழி இன்னும் பிடிபடவில்லை. டிவியிலிருந்து சுவர் வரை ஓடும் ஏதோ ஒரு கம்பி அந்த நீளத்துக்குப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். அதுவரை தம்பி செய்தி நேரத்தில் 21இல் 25 வாட்டோடு நிறுத்திக்கொள்கிறார். சக்தி நான்கில் ஒன்றானால் அலையின் பலம் பாதியாகும். தொலைவில் கேட்பவருக்கு அது 6 டெசிபெல், அதாவது அவருடைய ரேடியோவின் சிக்னல் மீட்டரில் ஒரே ஒரு எஸ் அளவு (ஒரு படி) இறக்கம். பெரும்பாலானோர் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

பூஸ்டரின் அடாப்டரும் அதோடு போனதில் தம்பிக்கும் ஒரு லாபம். 7 மெகாஹெர்ட்ஸில் நெடுநாளாக இருந்த கொரகொர இரைச்சல் அன்று மாலையிலிருந்து இல்லை. பெரியவரிடம் சொன்னபோது, “அப்போ எங்க வீட்டுப் பொட்டியும் உங்களைத் தொல்லை பண்ணிட்டுத்தான் இருந்திருக்கு” என்று சிரித்தார். அவர் புது டிவி வாங்கப் போவதாகச் சொல்கிறார். வந்ததும் இரண்டு நோட்டையும் மறுபடி எடுக்க வேண்டும்.